கூட்டாளியின் வலது கை

முதல் அடி ஷஹாத்தாவின் காதுக்கு மேலே இறங்கியது. இரண்டாவது அடிக்கு அவன் காத்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆட்டுக்கடா மாதிரி ஓடி, அடித்தவனின் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு கண்ணாடி அலமாரியின் மேல் விழுந்தார்கள். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த கோப்பைகள் ஒவ்வொன்றாக வந்து அவர்கள் முதுகில் உடைந்தன.

"மேடம், வீட்டுல ஆள் இருக்காங்க!" என்று கத்தினான்.

"தெரியுது," என்றாள் தஹானி வாசலிலிருந்து.

சமையலறையிலிருந்து இன்னொருவன் பாய்ந்து வந்தான். கையில் தச்சு உளி. வாசலில் நின்ற தஹானிக்கு ஐம்பது வயது, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, தோளில் பெரிய தோல் பை. இந்தப் பொம்பளை என்ன செய்துவிடப் போகிறாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவன் கை நிலைக்கு வெளியே நீண்ட அதே நொடியில் தஹானி கதவை இழுத்து ஓங்கி அறைந்தாள். மணிக்கட்டு முறியும் சத்தம் ஷஹாத்தாவுக்கே கேட்டது. உளி படிக்கட்டில் உருண்டது.

அதற்கப்புறம் அவர்களுக்குச் சண்டை ருசிக்கவில்லை. உளிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஷஹாத்தாவை அடித்தவன் கையிலிருந்த கட்டையை அவன் முகத்தில் எறிந்துவிட்டுப் பின்னாலேயே பாய்ந்தான். துரத்தலாம் என்று எழுந்த ஷஹாத்தாவுக்கு அறை ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு காலத்துல மல்யுத்தம் பண்ணினவன்தானே நீ?" என்றாள் தஹானி, தன் தலைக்குட்டையை மடித்து அவன் காயத்தில் அழுத்தியபடி.

"பண்ணினேன் மேடம். ஜெயிச்சேன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

சமையலறை மூலையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து தாடை வரை ரத்தம். இக்ராம். காணாமல் போன வஜ்தி ஸைனியின் மனைவி.

வஜ்தியைத் தேடித்தான் துப்பறியும் தஹானியும் அவள் உதவியாள் ஷஹாத்தாவும் வந்திருந்தார்கள். தேடச் சொன்னவர் வஜ்தியின் கூட்டாளி ஹாஜி ரவூஃப் அஷ்மூனி. துறைமுக நகரமான தமியெத்தாவில் நாற்காலி, கட்டில் வியாபாரம் செய்கிற யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பேரையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். ஒரு கடைசல் இயந்திரத்தில் ஆரம்பித்து ஒரு தொழிற்சாலை வரை வளர்ந்தவர்கள். ரவூஃப் முந்தின நாள் சொன்ன கதை சுருக்கமானது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனிப் பணம் வங்கியை விட்டு வெளியே வரும். ஒருவன் நம்பிக்கையில் வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்து வைத்தான். மற்றவன் கப்பலில் நாற்காலிக்கு ஸான் மரம் வாங்குகிறேன் என்று மொத்தத்தையும் எடுத்தான். மரம் வரவில்லை. கேட்டபோது ஆளும் இல்லை. போலீசுக்குப் போனால் சந்தையில் பெயர் கெட்டுவிடும், நீங்களே கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று ரவூஃப் கண் கலங்கினார்.

தஹானி இக்ராமின் பக்கத்தில் குந்தினாள். "யாரும்மா இவனுங்க?"

"நீங்க யாரு?"

"ஹாஜி ரவூஃப் அனுப்பினார்."

இக்ராமின் முகம் அப்படியே மூடிக்கொண்டது. "அப்போ அவருகிட்டயே கேளுங்க. என் புருஷன் எங்க ஓடினான்னு எனக்குத் தெரியாது. காசோட ஓடினவனைப் பத்தி என்கிட்ட என்ன விசாரணை?"

அடுப்பில் பருப்பு ஷோர்பா கொதித்து அடங்கியிருந்தது. சல்லடையில் வடிகட்டித் தண்ணீர் மாதிரி ஆக்கி, வாய் அகன்ற பிளாஸ்கில் பாதி ஊற்றியிருந்தாள். பக்கத்தில் ஒரு உறிஞ்சுகுழல். ஷஹாத்தா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அடிபட்டவனுக்கு ஒரு வாய் ஷோர்பா தப்பில்லை என்று பிளாஸ்கை எடுத்தான்.

"அதைத் தொடாதே!" இக்ராம் பாய்ந்து பிடுங்கினாள்.

"சரிம்மா, சரி! உளி வெச்சிருந்தவனே பரவாயில்ல போலிருக்கு."

தஹானி தரையில் கிடந்த கட்டையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். முகர்ந்தாள். பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தெருவில் வெயில் கொளுத்தியது. நாய்கள் வண்டிகளுக்கு அடியில் படுத்திருந்தன. தஹானி காரில் ஏறாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் மரச் சட்டங்களால் உயரமாகக் கட்டிய புறாவீடு ஒன்று தெரிந்தது. புறாக்கள் ஒன்றுகூட உள்ளே இல்லை. எல்லாம் தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

"வீட்டுக்குள்ள சம்பந்தி வந்திருப்பாங்க மேடம். அதான் குடும்பம் மொத்தமும் வெளியே," என்றான் ஷஹாத்தா.

தஹானி திரும்பி அவனைப் பார்த்தாள். "சில நேரம் உன் வாய்க்குச் சம்பளம் குடுக்கலாம்னு தோணுது."

"தலைக்கும் சேர்த்துக் குடுங்க. இன்னிக்கு அதுதான் அதிகம் உழைச்சிருக்கு."

✻

ஹாஜி ரவூஃபின் காட்சிக்கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் தங்கப்பூச்சு. சிம்மாசனம் மாதிரியான சோபாவில் அவர் சாய்ந்திருந்தார். நரைத்த தாடி, நெற்றியில் தொழுகைத் தழும்பு. பாகில் ஊறிய மிஷப்பிக் இனிப்புத் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க. ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?"

"அவர் வீட்டுல ரெண்டு பேர் இருந்தாங்க," என்றாள் தஹானி.

"அவன் இருந்தானா?"

"இவன் மண்டையை உடைச்சாங்க."

"அல்லாஹ் காப்பாத்தட்டும்." ரவூஃப் ஷஹாத்தாவை ஒரு பார்வை பார்த்தார். "வஜ்தி எங்கே இருக்கான்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

தஹானி ஒரு மிஷப்பிக்கை உடைத்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள். "தெரிஞ்ச மாதிரிதான். ராஸுல்பர்ல, கடற்கரையை ஒட்டி ஒரு வாடகை வீடு. ராத்திரிக்குள்ள உறுதி பண்ணிச் சொல்றேன்."

"கடற்கரையிலயா?"

"ஆமா. அலை வந்து வாசப்படியைத் தொடற இடமாம்."

ரவூஃப் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு புன்னகைத்தார். "நல்லது மேடம். நீங்க கெட்டிக்காரங்கன்னு சும்மாவா சொன்னாங்க?"

வெளியே வந்ததும் ஷஹாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ராஸுல்பரா? நாம எப்ப போனோம்? எனக்குத் தெரியாம மண்டைக்குள்ள ஏதாவது ஊருக்குப் போயிட்டு வந்தேனா?"

"காரை எடு. இக்ராம் வீட்டுக்கே திரும்பப் போறோம். வேகமா." அவள் பையிலிருந்து கட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். "இது என்ன?"

"என்னை அடிச்ச கட்டை. எங்களுக்கு ஏற்கெனவே அறிமுகம் ஆயிடுச்சு."

"நாற்காலிக் கால். ஸான் மரம். வார்னிஷ் இல்ல, இன்னும் பச்சை வாசனை போகல. கம்பெனிக்கு இந்த வருஷம் ஸான் மரமே வரலன்னு ஹாஜி சொன்னார். அப்போ இது எந்த மரத்துலேர்ந்து வந்துது?"

ஷஹாத்தா ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே கீழே பார்த்தான். "மரம் வந்திருக்கு. வேற கொட்டகைக்கு."

"மேல் முனையைப் பாரு. அறுக்கல, முறிச்சிருக்கு. கீழ் முனையில என்ன இருக்கு?"

நீல நைலான் கயிறு அழுந்திய தடம், மரத்தைச் சுற்றி. தடத்தில் இரண்டு மூன்று நீல இழைகள். இழைகளில் காய்ந்த ரத்தம்.

"நாற்காலிக் காலோட மனுஷன் காலையும் சேர்த்துக் கட்டியிருக்காங்க," என்றான் ஷஹாத்தா மெதுவாக.

"கட்டுப்பட்டவன் நாற்காலியோட பின்னால விழுந்து அதை முறிச்சுக்கிட்டுத் தப்பிச்சிருக்கான். தேடிக் கிளம்பினவனுங்க கைக்குக் கிடைச்ச கட்டையை ஆயுதமா எடுத்துக்கிட்டாங்க. சரி, இன்னொண்ணு சொல்லு. உன் பணத்தை ஒருத்தன் தூக்கிட்டு ஓடிட்டான். தேடப் போன ஆள் திரும்பி வர்றான். முதல்ல என்ன கேப்பே?"

"பணம் எங்கேன்னு."

"ஹாஜி மூணு தடவை கேட்டார். மூணு தடவையும் ஆள் எங்கேன்னுதான் கேட்டார். பணம் எங்கேன்னு அவருக்குத் தெரியும் ஷஹாத்தா. நேத்து அவர் சொன்ன செக் கதையில ஒரு பொய்கூட இல்ல. பேரை மட்டும் மாத்திப் போட்டுட்டார். வெத்துச் செக்குல கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஏமாளி வஜ்தி. எடுத்தவர் இவர்."

"அப்போ நம்மளை எதுக்குக் கூப்பிட்டார்?"

"வேட்டைக்குப் போறவன் நாயைக் கூட்டிக்கிட்டுப் போவானில்ல? அதான் மோப்பத்தைக் கடற்கரைப் பக்கம் திருப்பிவிட்டேன்."

"அதுக்குத்தான் மிஷப்பிக் போட்டாரா," என்றான் ஷஹாத்தா.

தஹானி போனில் போலீஸ் மேஜர் நாஷித்தைப் பிடித்தாள். வங்கி மோசடிப் பிரிவில் அவள் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கம். ஆம்புலன்ஸோடு வரச் சொன்னாள். சந்தை நெரிசலைத் தாண்டி வருகிறேன், அதுவரை எதுவும் செய்யாதே என்றார் அவர். அவள் சரி என்று சொல்லிவிட்டு, "இன்னும் வேகமா," என்றாள் ஷஹாத்தாவிடம்.

✻

மொட்டை மாடியில் இக்ராம் ஏணியின் பாதியில் நின்றாள். தோளில் பிளாஸ்க். இவர்களைப் பார்த்ததும் அலறி, மளமளவென்று ஏறிப் புறாவீட்டின் வாசலை உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல வராதீங்க! கீழே தள்ளிடுவேன்!"

"வீட்டை விட்டு வெயில்ல உட்கார்ந்திருக்கற புறா, வடிகட்டின ஷோர்பா, உறிஞ்சுகுழல்," என்றாள் தஹானி கீழிருந்து. "தாடையை உடைச்சிருக்காங்க. இல்லையாம்மா? நான் ஹாஜி ஆள் இல்ல. காலையில இருந்தேன், தெரியாம. இப்ப இல்ல. ஆம்புலன்ஸ் வருது."

இக்ராம் வெகுநேரம் அவளையே பார்த்தாள். பிறகு வாசலை விட்டுக் கொஞ்சம் விலகினாள். "ஆஸ்பத்திரி வாசல்ல அவனுங்க ஆளு நிக்கறான். ஸ்டேஷன் வாசல்லயும் நிக்கறான். நான் இவரை எங்க தூக்கிட்டுப் போவேன்?"

ஷஹாத்தா ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். புறா எச்சத்துக்கும் இறகுக்கும் நடுவே ஒரு மனிதன் சுருண்டு கிடந்தான். முகத்தின் ஒரு பாதி கறுத்து வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. கணுக்கால்களில் கயிறு அறுத்த புண். வலது கையைத் தலையணை உறையில் சுற்றியிருந்தார்கள். உறையை மீறித் தெரிந்த விரல்கள் விரல்களாக இல்லை. ஷஹாத்தாவுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வலது கையை நசுக்கியிருக்காங்க மேடம் என்று மட்டும் கீழே பார்த்துச் சொன்னான்.

"வஜ்தி அண்ணே," என்றான். "பயப்படாதீங்க. நாங்க இருக்கோம்."

"நாங்களும் இருக்கோம்," என்றது கீழே ஒரு குரல்.

படிக்கட்டு வாசலில் ஹாஜி ரவூஃப் நின்றார். கையில் தச்சர்களின் மரச் சுத்தியல், கொட்டாப்புளி. ஒரு பக்கம் காலையில் ஷஹாத்தாவை அடித்தவன், இப்போது இரும்புக் கம்பியோடு. இன்னொரு பக்கம் உளிக்காரன். வலது கையைத் துணியால் கழுத்தோடு கட்டியிருந்தான், உளி இடது கைக்கு மாறியிருந்தது.

"முப்பது வருஷமா அவன் கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன் நான் மேடம்," என்றார் ரவூஃப் மூச்சு வாங்க. "அவன் தம்பி ராஸுல்பர் கடல்லதான் செத்தான். அன்னிலேர்ந்து வஜ்தி அலைச் சத்தம் கேக்கற இடத்துக்கே போனதில்ல. வேற எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். நீங்க பொய் சொன்னதும், உங்க பின்னாலேயே வந்தாப் போதும்னு புரிஞ்சுது."

தஹானியின் முகம் வெளுத்ததை ஷஹாத்தா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். ஆனால் அவள் குரல் நடுங்கவில்லை. நேரம் கடத்துகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. சத்தமில்லாமல் ஏணியில் இறங்கினான்.

"மூழ்கிப் போன அந்தக் கடலோர வீட்டுத் திட்டத்துல நீங்களும் கடன் வாங்கிப் பணத்தை விட்டீங்களா ஹாஜி? ஊரே விட்டுச்சே."

"ஊர் விட்டது வட்டியோட போச்சு. எனக்கு உயிரோட போகும் போலிருந்துச்சு. கடன் குடுத்தவனுங்க அப்படிப்பட்டவனுங்க."

"அதனால கம்பெனிக் காசுல மரம் வாங்கி, வேற கொட்டகையில இறக்கி, வித்தீங்க. வஜ்தி கண்டுபிடிச்சார். பணத்தை நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கட்டி வெச்சீங்க. மாட்டேன்னார். ஆத்திரத்துல கொட்டாப்புளியை எடுத்து, எந்தக் கை கையெழுத்துப் போடணுமோ அந்தக் கையையே நசுக்கிட்டீங்க."

ரவூஃப் கையிலிருந்த கொட்டாப்புளியைப் பார்த்தார்.

"பால் வேணும்னு மாட்டை அடிச்சே கொன்னுட்டுச் சொம்பு தேடின கதை," என்றான் ஷஹாத்தா.

"அதுக்கப்புறம் ஒரே வழிதான் மிச்சம்," என்றாள் தஹானி. "எழுதித் தர முடியாத கூட்டாளி ஒரேயடியாக் காணாமப் போகணும். பழி அவரோடயே போயிடும்."

"பேசினது போதும்," என்றார் ரவூஃப். "முடிங்கடா."

இரும்புக் கம்பி முதலில் வந்தது. ஷஹாத்தா புறா ஓட்டும் நீளக் கழியை உருவி அதைத் தடுத்தான். கழி இரண்டாக முறிந்தது. முறிந்த முனையை அவன் முகத்தில் குத்தினான். பல் ஒன்று தெறித்தது. அதற்குள் பக்கவாட்டிலிருந்து உளி அவன் தோள்பட்டையில் இறங்கியது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உளிக்காரனின் சட்டையைப் பிடித்துச் சுழற்றி எறிந்தான்.

உளிக்காரன் பின்னாலேயே தடுமாறிப் போனான். கட்டடத்தின் நடுவே காற்று வருவதற்காக விட்டிருந்த குழியைத் தகரத்தால் மூடியிருந்தார்கள். துருப்பிடித்த தகரம். அவன் குதிகால் பட்டதும் அது மடங்கியது. அவன் கண்களில் ஆச்சரியம் மட்டுமே இருந்தது. அப்புறம் அவன் இல்லை. கீழே, எங்கோ ஆழத்தில், மாவு மூட்டை விழுகிற சத்தம்.

ஒரு நொடி எல்லோரும் சிலையானார்கள், ரவூஃபைத் தவிர. அவர் தன் ஆள் விழுந்த பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஏணிக்கு ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகம். வாசலை எட்டியபோது இக்ராம் பிளாஸ்கைத் திறந்து கொதிக்கும் ஷோர்பாவை அவர் முகத்தில் வீசினாள். அவர் ஊளையிட்டார். ஆனால் ஏணியை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கொட்டாப்புளியை ஓங்கினார். அது இக்ராமின் கழுத்தெலும்பில் விழுந்தது. அவள் கணவன் மேல் சரிந்து, அவனை முழுசாக மறைத்துக்கொண்டாள். ரவூஃப் மறுபடியும் ஓங்கினார்.

அவர் காலுக்குக் கீழே தஹானி வந்து நின்றாள். பையிலிருந்து நாற்காலிக் காலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அவர் கணுக்கால் எலும்பைப் பார்த்து ஒரே அடி. அவர் கை நழுவியது. முதுகு கீழாகச் சிமெண்ட் தரையில் விழுந்தார். எழ முயன்றார். கால் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது.

வாயைப் பொத்திக்கொண்டிருந்த கம்பிக்காரன் கம்பியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்குப் பாய்ந்தான். படிக்கட்டில் மேஜர் நாஷித்தின் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

தஹானி கட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தாள். "நான்தான் அவனை இங்க கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "அந்தக் கடல் கதை. கொஞ்சம் யோசிச்சிருக்கணும்."

ஷஹாத்தா தோளைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் சரிந்தான். "கட்சிக்காரர் காலை நாமளே உடைச்சுட்டோம் மேடம். மீதி ஃபீஸை யார்கிட்ட கேக்கறது?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவன் காயத்தின் மேல் இருந்த அவன் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்து அழுத்தினாள்.

✻

படிக்கட்டு குறுகல். வஜ்தியைத் தூக்குப் படுக்கையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே, தோளைக் கட்டிய இக்ராம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ரவூஃபை விலங்கோடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், கால் எடுத்து வைக்க முடியாததால். ஷோர்பா பட்ட முகம் கொப்புளித்திருந்தது. யாராவது ஒருவர் வழி விட வேண்டும். மேஜர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளச் சொன்னார்.

பக்கத்தில் வந்தபோது வஜ்தி இடது கையைத் தூக்கினார். படுக்கை நின்றது. துப்பப் போகிறார் என்று ஷஹாத்தா நினைத்தான். துப்பினால் நியாயம்தான் என்றும் நினைத்தான்.

வஜ்தி வாயைத் திறக்க முயன்றார். உடைந்த தாடை ஒரு பக்கமாக இழுத்தது. வெகு சிரமப்பட்டு, ரத்தத்தோடு ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"ஏன்?"

ரவூஃப் கண்ணைத் திறந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவருக்குத் திடீரென்று கோபம் வந்தது, அடிபட்டவர் தானே என்பது மாதிரி. "ஏன்னா? கடன் குடுத்தவனுங்க என் மகன் பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னாங்க வஜ்தி! நான் என்ன பண்ண? உன்கிட்ட வந்து கேக்கச் சொல்றியா? கம்பெனியையே வித்துக் குடுடான்னு கேட்டிருந்தா குடுத்திருப்பியா நீ? சொல்லு! குடுத்திருப்பியா?"

வஜ்தி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார். பேச முடியவில்லை.

மெதுவாக, ஒருமுறை, ஆமாம் என்று தலையை அசைத்தார்.

இக்ராம் படுக்கையைத் தொட்டாள். தூக்குகிறவர்கள் நகர்ந்தார்கள். அவர்கள் கீழே போய், தெருக் கதவு திறந்து, ஆம்புலன்ஸ் சத்தம் கிளம்பி, சந்தைப் பக்கம் தேய்ந்து போகும் வரை ரவூஃப் அசையவில்லை. பிறகு மேஜரின் ஆட்கள் நாற்காலியைத் தூக்க வந்தார்கள். விலங்கு மாட்டிய கைகளை முகத்துக்குக் கொண்டுபோய், வெந்த தோலில் நகம் பதியப் பதிய, அவர் அழ ஆரம்பித்தார்.